மணிமாலை எந்த இடத்தில் அறுகிறது?

என்னிடம் சரிசெய்யக் கொண்டுவரும் மணிமாலைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் அறுந்திருக்கும்: கொக்கியிலிருந்து ஒரு அங்குலத்துக்குள். அதற்கு அடுத்தபடியாகப் பதக்கம் தொங்கும் இடம். இந்த இரண்டும் இல்லாமல் மணிகளுக்கு நடுவே எங்கேயோ அறுந்திருந்தால், அங்கிருந்த மணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் அதன் துளையைப் பார்ப்பேன். விளிம்பில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும், அல்லது துளைக்குள் வெள்ளையாகச் சொரசொரப்பு தெரியும்.

திருச்சியில் வீட்டிலிருந்தே மாலை கோர்த்துக் கொடுக்கிறேன். கல்யாணப் புடவையின் நிறத்துக்கு ஏற்ற மாலை, நவராத்திரித் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கச் சின்ன மாலைகள், கொலு பொம்மைகளுக்குப் பொடிமணி மாலை என்று வேலை வரும். ஆனால் இந்தக் கைவேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை அறுந்து வந்த மாலைகள்தான். புது மாலை செய்த அன்று எதுவுமே அழகாகத்தான் இருக்கும். வியர்வையையும், அவசரமாகக் கழற்றி வீசும் கையையும், இடுப்பிலிருக்கும் குழந்தை பிடித்து இழுப்பதையும் தாங்கிய பிறகு அது எங்கே விட்டுக்கொடுத்தது என்பதை அறுந்த மாலையிடம்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்த்ததில் எனக்கு உறுதியானது ஒன்று உண்டு. எல்லோரும் மணிக்குச் செலவு செய்கிறார்கள். மாலையின் ஆயுளோ கண்ணுக்குத் தெரியாத துளையிலும் நூலிலும், பின்கழுத்தில் மறைந்துகொள்ளும் முடிப்பிலும் இருக்கிறது. கடைக்குப் போனால் மணிகளின் முன்னால் நிற்கும் நேரத்தில் பாதியையாவது நூலுக்கும் கொக்கிக்கும் கொடுங்கள் என்று கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வேன்.

துளையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கண்ணாடி மணி செய்வதில் இரண்டு பழைய வழிகள் உண்டு. உருகிய கண்ணாடியைக் கம்பியைச் சுற்றிப் படியவிட்டு ஒவ்வொரு மணியாகச் செய்வது ஒன்று. கண்ணாடியை நீளமான குழாயாக இழுத்து, ஆறவைத்துத் துண்டு துண்டாக நறுக்குவது இன்னொன்று. நாம் வாங்கும் பொடிமணிகள் இரண்டாவது வகை. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே இந்த முறையில் மணி செய்திருக்கிறார்கள். 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்த அதே இடம். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் அந்தக் கைமுறை நம் காலம் வரைக்கும் நீடித்திருக்கிறது. நறுக்கிய துண்டின் விளிம்பு நூலை அறுத்துவிடும் என்பது அந்தத் தொழிலாளிகளுக்குத் தெரியும். அதனால் துண்டுகளைச் சாம்பலோடு சேர்த்துக் கிளறிக்கொண்டே மறுபடி சூடாக்குவார்கள். சூட்டில் விளிம்பு இளகி உருண்டுவிடும். துளைக்குள் புகுந்த சாம்பல் துளை மூடிக்கொள்ளாமல் காக்கும், மணிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டுவதையும் தடுக்கும்.

இதைப் படித்த பிறகுதான் பைப் மணி வைத்த மாலைகள் ஏன் அப்படி அறுந்து அறுந்து வருகின்றன என்பது எனக்கு விளங்கியது. கடையில் பைப் மணி என்று கேட்டால் கொடுப்பார்களே, நீளமான மெல்லிய குழாய் மணி, அதில் மலிவானவை நறுக்கியபடியே வருபவை. இரண்டு முனையிலும் கூர்மை அப்படியே இருக்கும். அதை ஒதுக்க வேண்டியதில்லை, வெளிச்சத்தில் அதன் ஜொலிப்பு வேறு எந்த மணிக்கும் வராது. ஒவ்வொரு பைப் மணிக்கும் இரண்டு பக்கமும் ஒரு பொடிமணி வைத்துவிடுங்கள். நூல் வளையும் இடம் பொடிமணியின் உருண்ட விளிம்பில் விழும். கூரான முனையில் நூல் நேராகக் கடந்து போய்விடும்.

புது மணி எது வாங்கினாலும் நான் செய்யும் சோதனை எளிது. சட்டை தைக்கிற சாதாரணப் பருத்தி நூலைத் துளைக்குள் விட்டு, இரண்டு முனையையும் பிடித்துச் சாய்வாக முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பேன். நூலில் பிசிறு எழும்பினால் அந்த மணி பட்டுநூலுக்கு ஆகாது. ஒரு சரத்தில் அங்கங்கே நாலைந்தை இப்படிப் பார்த்தாலே அந்தச் சரத்தின் குணம் தெரிந்துவிடும்.

கல்மணிகளில் இது இன்னும் முக்கியம். கல்லை ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்கம் வெளியே வரும்போது சில்லு பெயர்ந்துவிடும். அதனால் பெரும்பாலும் இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பழங்காலக் கல்மணிகளில் வேலை பாதியில் நின்றவையும் இருக்கின்றன. ஒரு மணிக்குப் பின்னால் எத்தனை கட்டமான உழைப்பு இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. இரண்டு துளையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு நின்றுவிடுவது உண்டு. ஸ்படிக மாலைகள் நூலை அரித்துவிடுவதற்கு அந்த மேடும், மெருகேற்றாத துளையும் காரணம். கண்ணாடியைவிட ஸ்படிகம் கடினமானது. அதில் ஒரு முனை நூலைத் தொட்டுக்கொண்டே இருந்தால், தினம் ஜபம் செய்து உருட்டும் மாலை எத்தனை நாள் தாங்கும்?

வைரப்பொடி பூசிய ஊசி அரம் சின்ன விலைக்குக் கிடைக்கிறது. மணியையும் அரத்தையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் முக்கியபடியே துளை விளிம்பை மெல்லச் சுழற்றி அராவ வேண்டும். உலர்ந்த நிலையில் அராவவே கூடாது. மணி சூடேறி விரிசல் விடும் என்பது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் அந்தத் தூசி. கண்ணாடித் தூளும் கல்தூளும் மூச்சில் போகக் கூடாதவை. இந்த வேலையை வருமானத்துக்காகச் செய்கிறவர்கள் தினமும் செய்வார்கள் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

அப்புறம் நூல்.

நம் ஊரில் மணி கோர்க்க முதலில் கைக்கு வருவது தங்கூசி. மீன்பிடிக்கிற அதே ஒற்றை இழை நைலான். மலிவு, ஊசி வேண்டாம், கண்ணுக்குத் தெரியாது. கொலு பொம்மை மாலைக்கும், பிளாஸ்டிக் மணி மாலைக்கும் தாராளமாகப் போடலாம். கனமான கண்ணாடி மணிக்கும் கல்லுக்கும் அது சரிப்படாது. பாரம் தாங்கித் தாங்கி நீண்டுகொண்டே போகும். கொக்கிக்கும் முதல் மணிக்கும் நடுவில் நூல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். வெயிலிலும் வெளிச்சத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் மொறுமொறுவென்று ஆகிப் பட்டென்று விட்டுவிடும். தங்கூசியில் சாதாரண முடிச்சு நிற்காது, வழுக்கும். முதல் சுற்றில் ஒருமுறைக்குப் பதில் இரண்டுமுறை சுற்றி இழுத்து, அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து உலரவிட வேண்டும். உடனே ஒட்டும் சூப்பர் பசையை முடிச்சில் வைப்பவர்கள் நிறையப் பேர். அது நூலை விறைக்க வைக்கிறது, விறைத்த நூல் வளையும் இடத்தில் ஒடிகிறது. பக்கத்து மணிகளின் மேலும் வெண்மையாகப் புகை படிந்த மாதிரி ஒரு படலம் விட்டுவிடுகிறது.

கனமான மாலைக்கு கியர் வயர். மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் உறை போட்ட கம்பி. உள்ளே எத்தனை இழை இருக்கிறதோ அவ்வளவுக்கு நெளிவு. 7 இழை விறைப்பாக நிற்கும். 49 இழை ஏறக்குறைய நூலைப்போலக் குழைந்து விழும். நம் கடைகளில் கேட்டதும் கிடைப்பது பெரும்பாலும் விறைப்பானதுதான். கியர் வயரில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒருமுறை மடங்கிய இடம் மறுபடி நேராகாது. அந்த மடிப்பில்தான் பின்னால் அறும். சுருளிலிருந்து எடுக்கும்போதே அவசரப்படாமல் எடுங்கள். மடிந்துவிட்டால் அந்த மடிப்பை நறுக்கி, மிச்சத்தைக் கைச்சங்கிலிக்கு ஒதுக்கிவிட்டு வேறு துண்டு வெட்டுங்கள்.

முத்துக்கும் பவளத்துக்கும் நான் பட்டுநூல்தான் போடுவேன், மணிக்கு மணி முடிச்சோடு. முடிச்சு எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு காரணம். முத்து மென்மையானது, ஒன்றோடு ஒன்று உரசினால் துளையைச் சுற்றித் தோல் பெயரும்; முடிச்சு நடுவில் மெத்தையாக நிற்கும். இன்னொன்று, அறுந்தால் ஒரே ஒரு முத்துதான் கழன்று விழும். கல்யாண மண்டபத்தில் மாலை சிதறி நாற்காலிக்கு அடியில் முத்துப் பொறுக்கியவர்களுக்கு இந்த இரண்டாவது காரணத்தை விளக்க வேண்டியதே இல்லை.

முடிச்சு மணியை ஒட்டி விழ வேண்டும், அதுதான் பழக வேண்டிய விஷயம். நூலில் தளர்வாக ஒரு கண்ணி போடுங்கள். அந்தக் கண்ணிக்குள் ஒரு தடித்த ஊசியை விட்டு, ஊசியாலேயே கண்ணியை மணியின் வாய் வரைக்கும் தள்ளிக்கொண்டு போங்கள். ஊசி மணியைத் தொட்டு நிற்கும்போது நூலை இறுக்கிக்கொண்டே ஊசியை உருவுங்கள், கடைசியில் கட்டைவிரல் நகத்தால் முடிச்சை மணியோடு நெருக்குங்கள். தொடக்கத்தில் இடைவெளி விழத்தான் செய்யும். விலை உயர்ந்த முத்தில் பழகாமல் ஒரு சரம் மர மணி வாங்கிப் பழகுங்கள். 18 அங்குல மாலைக்கு, இரட்டை இழையாகப் போட இரண்டரை கஜம் நூல் எடுப்பேன். மிச்சம் விழும், விழட்டும். கடைசி நாலு மணிக்கு நூல் பற்றாமல் எல்லா முடிச்சையும் வெட்டி எறிவதைவிட அது லாபம். கோர்ப்பதற்கு முந்தைய இரவே நூலின் நுனியில் ஒரு சின்ன எடையைக் கட்டித் தொங்கவிட்டால், பிற்பாடு நீள வேண்டியது அப்போதே நீண்டுவிடும்.

முத்தின் துளை மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. நூலின் கனத்தை அதற்கேற்பத்தான் எடுக்க வேண்டும். துளை நிறைய நூல், அதுவே சரியான அளவு. தளர்ந்த நூலில் மணி ஆடும், ஆடும் மணி அரிக்கும்.

இனி முடிப்பு. மாலைகள் சாகிற இடம் இது என்று முதலிலேயே சொன்னேன். காரணம் எளிது: மாட்டும்போதும் கழற்றும்போதும் அந்த ஓர் அங்குலம்தான் வளைகிறது, இழுபடுகிறது, வியர்வையிலும் தலை எண்ணெயிலும் ஊறுகிறது. மாலையின் மொத்தப் பாரமும் அங்கேதான் தொங்குகிறது.

கியர் வயர் என்றால் கியர் லாக் என்ற குட்டி உலோக மணி வாங்குவோம். வயரை லாக்குக்குள் விட்டு, கொக்கியின் வளையத்தைச் சுற்றி, அதே லாக்குக்குள் திரும்பக் கொண்டுவந்து குறடால் நசுக்க வேண்டும். இதுவரைக்கும் எல்லோரும் செய்கிறார்கள். திரும்பி வந்த வால் நுனியை லாக்கின் பக்கத்திலேயே நறுக்கிவிடுகிறார்கள், அங்கேதான் பிரச்சினை. அந்த வாலை இன்னும் இரண்டு மூன்று மணிகளுக்குள் செலுத்திவிட்டு அப்புறம் நறுக்குங்கள். லாக் கொஞ்சம் வழுக்கினாலும் மணிகளுக்குள் இருக்கும் வால் உடனே உருவிக்கொண்டு வராது. நுனியும் கழுத்தைக் குத்தாது. சமயபுரம் கோயில் வாசலில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் அக்கா ஒருவர் கம்பி வளைக்கும் கையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் கம்பியில் கண்ணி வளைத்து, அடுத்த மணியின் கண்ணியோடு கோர்த்துச் சங்கிலியாகக் கொண்டுபோவார். "மொனை வெளிய நிக்கக் கூடாது தங்கச்சி, உள்ள மடக்கிடணும். போட்டிருக்கறவங்க ஒரு தடவ கையில கீறிக்கிட்டா அப்புறம் அந்த மாலைய எடுக்கவே மாட்டாங்க" என்றார். இந்த வேலையில் நான் கேட்ட மிக நல்ல யோசனைகளில் ஒன்று அது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைக்காதே என்றும் சொன்னார். பித்தளைக் கம்பியோ செம்புக் கம்பியோ வளைக்க வளைக்க விறைத்து ஒடியும். ஒரே வளைப்பில் கண்ணி சரியாக விழாவிட்டால் அவர் அதை நிமிர்த்துவதில்லை, நறுக்கிப் போட்டுவிட்டு வேறு கம்பி எடுக்கிறார். அந்த வேகமும் அந்தச் சீரும் எந்த வகுப்பிலும் கிடைக்காது. வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்காக அவர்களிடம் பேரம் பேசாதீர்கள்.

கொக்கியை மாலையோடு சேர்க்கும் ஜம்ப் ரிங்கைத் திறக்கும்போது, அதன் வாயை இரண்டு பக்கமும் விரித்து இழுக்காமல், ஒரு முனையை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் நகர்த்தித் திறக்க வேண்டும். விரித்த வளையம் திரும்ப வட்டமாகாது, அந்த இடுக்கு வழியாக மெல்லிய நூல் நழுவிவிடும். இதற்கு இரண்டு குறடு வேண்டும். ஒன்றே ஒன்று வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் கண்ணி வளைக்கும் உருண்டை மூக்குக் குறடு வாங்குங்கள். மற்றதற்கு வீட்டிலிருக்கும் பழைய தட்டைக் குறடு போதும், அதன் வாயில் துணி ஒட்டிக்கொண்டால் உலோகத்தில் தடம் விழாது.

பின்கழுத்து அரிக்கிறது என்று சொல்லிக் கொண்டுவரும் மாலைகளும் உண்டு. மணியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கொக்கியில் இருக்கும் நிக்கல் வேலை அது. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்களுக்குக் கட்டாயம் இதைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வெள்ளிக் கொக்கி போடலாம். கொக்கியே இல்லாமல் பின்பக்கம் பட்டுக்கயிறு வைத்து இழுத்துச் சுருக்கும்படியும் செய்யலாம். கயிறு வைத்த மாலைக்கு இன்னொரு வசதி, அம்மாவும் மகளும் ஒரே மாலையை அவரவர் ரவிக்கைக் கழுத்துக்கு ஏற்றி இறக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

நீளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 18 அங்குல மாலையில் கொக்கிக்கு ஓர் அங்குலம் போனால் மணிக்கு 17 அங்குலம், அதாவது சுமார் 432 மி.மீ. அதில் 4 மி.மீ. மணி என்றால் 108, 6 மி.மீ. என்றால் 72, 8 மி.மீ. என்றால் 54 பிடிக்கும். முடிச்சுப் போட்டால் இதைவிடக் குறையும். ஆனால் சரத்தில் 8 மி.மீ. என்று எழுதியிருப்பதை நம்பி எண்ணிக்கையை மட்டும் வைத்து வாங்காதீர்கள். மணிக்குக் கால் மில்லிமீட்டர் குறைந்தாலே மொத்தத்தில் அரை அங்குலம் காணாமல் போகும். இதோடு இன்னொன்று: பெரிய மணி மாலையின் உட்சுற்றைத் தின்றுவிடும். 18 அங்குலம் என்று நேராக வைத்து அளந்த மாலை, 12 மி.மீ. மணியாக இருந்தால் கழுத்தில் வளையும்போது உட்பக்கம் ஒன்றரை அங்குலம் குறைந்துதான் நிற்கும். 4 மி.மீ. மணியில் அந்தக் குறைவு அரை அங்குலம்தான். பெரிய மணி அட்டிகை போட்டதும் கழுத்தை இறுக்குகிறது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் அளவைத் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மணியின் பருமனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். நான் இப்போது மாலையை முடிக்கும் முன் வட்டமாக்கி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் சுற்றி உட்சுற்றை அளந்துவிடுகிறேன்.

அதே சமயத்தில் இறுக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம். நேராக வைக்கும்போது மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி நூல் துளிகூடத் தெரியாமல் இருந்தால், வளைக்கும்போது மாலை விறைத்துக் கோணல் கோணலாக நிற்கும். ஒரு மணியின் பாதி அளவுக்குக்கூட வேண்டாம், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால் போதும், கழுத்தில் பணிந்து விழும்.

எடையையும் யோசியுங்கள். 8 மி.மீ. கண்ணாடி மணியில் 18 அங்குல மாலை ஏறக்குறைய 35 கிராம் வரும். அதே மாலை அக்ரிலிக் மணியில் அதில் பாதி. கல்யாணத்தில் மூன்று மணி நேரம் போட்டிருப்பதற்கும், அலுவலகத்துக்குத் தினம் போட்டுப்போவதற்கும் ஒரே எடை ஒத்துவராது. மூன்று சர மாலை கேட்கிறவர்களுக்கு உள்சரத்தில் மட்டும் கண்ணாடி வைத்து, மற்றதில் மர மணியும் உள்ளீடற்ற உலோக மணியும் கலந்து கொடுப்பேன். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது.

மணி வாங்கும் இடம் பற்றி நிறையச் சொல்ல எனக்கில்லை. திருச்சியில் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைகளே எனக்குப் போதும். மொத்தமாக வேண்டுமானால் சென்னையில் பாரிமுனைப் பக்கம் சவுகார்பேட்டைச் சந்துகள். எங்கே வாங்கினாலும் சாயம் போகுமா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஈரப் பஞ்சில் ஒருமுறை, நகப்பூச்சு அழிக்கும் திரவம் தொட்ட பஞ்சில் ஒருமுறை, ஒரே ஒரு மணியைத் தேய்த்துப் பாருங்கள். நீலக்கல் என்றும் பச்சைக்கல் என்றும் விற்கும் மலிவான சரங்களில் வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியவை நிறைய. சாயக்கல் அழகில்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளைப் பட்டுப்புடவைக்கு மேலே அது போகக் கூடாது, அவ்வளவே.

வீட்டில் வேலை செய்ய தனி அறை எதுவும் தேவையில்லை. முறத்தில் பழைய துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் மணியைக் கொட்டுங்கள், உருளாது. அஞ்சறைப்பெட்டி பழசு இருந்தால் அதைவிடச் சிறந்த மணிப்பெட்டி கிடையாது. நான் அதில் நிறத்தின்படி பிரிப்பதில்லை, துளை அளவின்படி பிரிக்கிறேன். நிறம் கண்ணுக்கே தெரிகிறது, துளையைத்தான் ஊசி விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாதி கோர்த்த பிறகு ஊசி நுழையாத மணி வந்து நிற்கும் எரிச்சல் இதனால் போனது. கோர்க்கும் முன் எல்லா மணியையும் துண்டின் மேல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வரிசையாக அடுக்கிவிடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து கோர்த்துக்கொண்டே போனால் நடு மணி நடுவில் வராது.

பழைய மாலைகளைத் திரும்பக் கோர்க்கும்போது வேறு வகையான கவனம் வேண்டும். துளசி மாலை, ஸ்படிக மாலை, ருத்ராட்சம் என்றால் 108 மணியும், எண்ணிக்கை தொடங்கும் தலைமணியான மேரு மணியும் கணக்காக இருக்க வேண்டும். கொண்டுவந்தவர் முன்னாலேயே எண்ணி, தாளில் எழுதி, அவரையும் பார்க்கச் சொல்வேன். என் அத்தையின் பவள மாலையைப் பிரித்தபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "எண்ணிட்டியாம்மா?" என்று மூன்று தடவை கேட்டார். அதில் சந்தேகம் ஒன்றுமில்லை, அது அவருடைய அம்மா போட்டிருந்த மாலை. பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும் மாலையை அறுப்பதற்கு முன்பே அதன் மணிகளைப் பழைய நூலோடு ஒட்டுநாடாவில் பதித்துவிடுங்கள். வரிசை கலைந்தால் கண்ணால் மட்டும் பார்த்துச் சரிசெய்ய முடியாது.

பவளமும் முத்தும் சுண்ணாம்புச் சத்து. புளிப்பும் அமிலமும் எதுவும் அவற்றுக்கு ஆகாது. எலுமிச்சை போட்டு நகை கழுவும் பழக்கம் வீட்டில் இருந்தால் இந்த இரண்டையும் தள்ளி வையுங்கள். வெள்ளி பளபளக்க முக்கும் திரவத்திலும் போடக் கூடாது. வாசனைத் திரவியத்தை அடித்துக்கொண்டு, அது உலர்ந்த பிறகு, கடைசியாக மாலையைப் போடுங்கள். கழற்றியதும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, விரித்த துணிமேல் கிடைமட்டமாக உலரவிடுங்கள். ஈரத்தோடு ஆணியில் தொங்கவிட்டால் பட்டுநூல் நீண்டுவிடும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப்புகாமல் அடைத்து வைக்கவும் வேண்டாம், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அடிக்கடி போடும் முத்து மாலையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அறும் முன்பே, திரும்பக் கோர்த்துவிடுவது நல்லது. முடிச்சுகளுக்கு நடுவில் நூல் கறுத்துத் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குண்டுமணி கோர்த்துக் கொடுக்கச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். சிவப்பும் கறுப்பும் பார்க்க அவ்வளவு அழகு, எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அந்த விதைக்குள் இருப்பது கடுமையான விஷம். தோல் உடையாத விதை பெரும்பாலும் வயிற்றுக்குள் அப்படியே கடந்துபோகும் என்பார்கள். கோர்ப்பதற்காக ஊசியால் துளைத்த பிறகு அந்தப் பாதுகாப்பு கிடையாது. குழந்தை வாயில் வைக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். பொதுவாகவே மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு எந்த மணிமாலையும் நான் செய்வதில்லை. ஒரு மணி தொண்டையில் போக ஒரு நொடி போதும், இறுகிய நூலும் ஆபத்து.

விலை எப்படி வைப்பது என்று இதைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பெண்கள் கேட்கிறார்கள். மணிக்கும் கொக்கிக்கும் ஆன செலவை இரண்டால் பெருக்கிச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது கியர் வயரில் சட்டென்று முடிகிற மாலைக்குக் கூடுதலாகவும், முடிச்சுப் போட்ட மாலைக்கு மிகக் குறைவாகவும் வந்து நிற்கும். பொருள் செலவைத் தனியே எழுதுங்கள், உட்கார்ந்த நேரத்தைத் தனியே எழுதுங்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் வேறு வேலைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைத் தயங்காமல் கூலியாகச் சேருங்கள். திரும்பக் கோர்க்கும் வேலைக்கு நான் முடிச்சின் எண்ணிக்கையை வைத்துத்தான் கூலி சொல்கிறேன். "நூல் மாத்தறதுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்களிடம் நறுக்கிய பழைய நூலைக் கையில் கொடுத்து விரலால் உருவிப் பார்க்கச் சொல்வேன். பிசிறு எழும்பிய நூலை விரலே உணர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு பெரும்பாலும் பேரம் இருக்காது.

மாலையைக் கொடுக்கும்போது மிஞ்சிய மணிகள் நாலைந்தைச் சின்னக் காகித உறையில் போட்டு, எந்த நூல், என்ன நீளம், எந்த மாதம் கோர்த்தது என்று உறை மேலேயே எழுதிக் கொடுக்கிறேன். நகைப்பெட்டியில் மாலையோடு அதையும் வைத்திருக்கச் சொல்வேன். திரும்பக் கோர்க்க வருகிறவர்களில் அந்த உறையையும் எடுத்து வருகிறவர்களுக்கு அதே நிறத்தில் மணி தேடி அலையும் வேலை இல்லை, எனக்கும் நூலை நறுக்குவதற்கு முன்பே அது எத்தனை மாதம் உழைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.